கட்டம் கட்டமாகத் தமிழ்

சின்ன காஞ்சிபுரம்
4.10.2009

சிரஞ்சீவி நாராயணுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். பேரருளாளன் கிருபையில் நீயும் ஸுஷ்மாவும் குழந்தை ப்ரணவும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே உன் அம்மாவின் இருமல் அப்படியே இருக்கிறது. அலமாரிப் புத்தகங்களின் தூசிதான் காரணம், புத்தகம் போனால் இருமல் போகும் என்றாய். புத்தகம் போயிற்று.

போனில் பேசினால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். ஆடியில் வந்திருந்தபோது பைண்டு செய்த பழைய வாரப் பத்திரிகைகளைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டாய், அதற்கு மட்டும்தான் நான் தலையாட்டினேன். நான் கோயிலுக்குப் போய் வருவதற்குள் வியாக்கியானங்கள், அகராதி, பள்ளிக்கூடத்தில் நான் பாடம் சொன்ன இலக்கணங்கள் எல்லாவற்றையும் வேனில் ஏற்றி, ஐயம்பேட்டைப் பக்கம் பள்ளிக்கூடம் நடத்தும் உன் சிநேகிதன் பூவராகவனுக்கு நன்கொடையாக அனுப்பிவிட்டாய். என் கையில் சிலேட்டு மாதிரி ஒரு மெஷினைக் கொடுத்து, இதுக்குள்ள ஒரு லைப்ரரியே அடங்கும்ப்பா என்றாய். பொய் சொல்லக்கூடாது, இங்கிலீஷ் அதில் நன்றாகவே தெரிகிறது, எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், கண்ணும் கூசவில்லை. தமிழைத் திறந்தால் வரிக்கு வரி எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம். நவராத்திரிக்குள் சரிசெய்து விடுகிறேன் என்றாய், நானும் நம்பினேன்.

சரஸ்வதி பூஜையன்று மணையில் அடுக்க வீட்டில் பஞ்சாங்கத்தைத் தவிர ஒரு புத்தகம் இல்லை. படிக்கறதைத்தானே வைக்கணும், இனிமே நீங்க படிக்கப்போறது இதுதானே என்று உன் அம்மா அந்த மெஷினைப் பஞ்சாங்கத்தின் மேல் வைத்து, சந்தனம் குழைத்துப் பூசிக் குங்குமமும் இட்டாள். மறுநாள் விஜயதசமி, ஒரு வரியாவது படித்தாக வேண்டும். திறந்தேன், அதே கட்டம். வேறு வழியில்லாமல் பஞ்சாங்கத்தை எடுத்து அன்றைய ராகு காலத்தைச் சத்தமாகப் படித்தேன். ஏதோ சுலோகம் என்று நினைத்து அவள் கைகூப்பி நின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, உன்னிடம் மறைப்பானேன்.

சார்ஜ் போடும் துளையில் சந்தனம் காய்ந்து, இப்போது வயர் உள்ளே போகமாட்டேன் என்கிறது. அதை அவள் வெள்ளந்தியாக உன்னிடம் போனில் சொன்னால், பொட்டு வைக்கறதுக்கு இது என்ன அம்மிக்கல்லாம்மா, உங்களுக்கெல்லாம் போய் வாங்கிக் கொடுத்தேனே என்று எரிந்து விழுந்தாயாம். அதைப் புத்தகம் என்று மனதார மதித்தவள் அவள் ஒருத்திதான். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

பொறுக்காமல் ஷேர் ஆட்டோ பிடித்துப் பூவராகவனைப் பார்க்கப் போனேன். என்னிடம் படித்தவன், மரியாதையாகத்தான் உட்காரவைத்தான். எல்லாம் மூட்டையாவே இருக்குது சார், பிரிச்சு நம்பர் போட ஆளு வரல, தாராளமா எடுத்துக்கினு போங்க, ஆனா குடுத்தது நாராயண் இல்லியா, அவன் ஒரு வார்த்தை போன்ல சொல்லட்டும் என்றான். என் புத்தகத்தை நான் எடுக்க உன் உத்தரவு வேண்டுமாம். மூட்டைகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்துவிட்டேன். இதை உன்னிடம் சொன்னபோது, மறுபடியும் அந்தத் தூசியா, அப்புறம் பார்க்கலாம்ப்பா என்றாய்.

அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், ப்ரணவுக்குக் காதை மூடிவிடு, ராத்திரி கண்விழித்து வேலை பார்க்காதே. எல்லோரும் தீர்க்காயுசாக இருங்கள். பூவராகவனுக்கு அந்த ஒரு போனை மட்டும் செய்துவிடு. மனமில்லை என்றால் வேண்டாம், நான் இனிக் கேட்கவில்லை. இந்த வீட்டில் பழசு என்று மிச்சம் இருப்பது நானும் உன் அம்மாவும்தான். எங்களை யாருக்கு நன்கொடை கொடுக்கப்போகிறாய் என்பதையாவது முன்கூட்டிச் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
தேசிகன்