நான் பவுன்சராக நின்ற ஞாயிற்றுக்கிழமை

ஆரணி,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ஜாக்குலினுக்கு அம்மா எழுதுவது. மாதா துணையால் நானும் உன் அப்பாவும் இங்கே சுகம், நீயும் கோவாவில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலை முடிக்கும்போது உன் பேரைச் சொல்கிறேன். நீ ராத்திரியெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறாய், போன் எடுத்தாலும் இந்த விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்பு வந்து பேச்சு நின்றுவிடும், அதனால் முறுக்குப் பார்சலோடு இதையும் வைத்து அனுப்புகிறேன்.

எழிலரசி டீச்சர் நாடகக் குழு நடத்துவது உனக்குத் தெரியும். இந்த முறை ராத்திரி கிளப்பில் வேலை செய்கிறவர்களைப் பற்றிச் சிரிப்பு நாடகங்கள் போட்டார்கள், பாட்டுப் போடுகிற டிஜே பற்றி ஒன்று, சமையல்காரர் பற்றி ஒன்று, கடைசியாக வாசலில் நின்று வம்பு செய்கிறவர்களைத் தடுக்கிற லேடி பவுன்சர் பற்றி ஒன்று. உடுப்பு தைத்துக் கொடுக்கத்தான் நான் போனேன். பவுன்சராக நடிக்க வேண்டிய தேவிப்ரியா ஞாயிற்றுக்கிழமை நாடகத்துக்கு முந்தின நாள் வண்டியிலிருந்து விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டாள். ஒத்திகையில் மூலையில் உட்கார்ந்து பட்டன் தைத்ததிலேயே வசனமெல்லாம் எனக்கு மனப்பாடம், டீச்சர் என்னைப் பார்த்தார், நான் சரி என்றுவிட்டேன். உன் அப்பாவுக்குத்தான் மனசில்லை. நீ ஓட்டல் ஆபீசில் இருப்பதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாரே. "வேணாம் அமலி, நீ போய் நின்னா யார்னா தோண்டிக் கேப்பாங்க, பேச்சு பொண்ணு மேல போவும்" என்றார். நான் பவுன்சருக்குத் தைத்த கறுப்புச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன், அது முட்டிவரை தொங்கியது. அவரும் பின்னாலேயே வந்து மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

மொபைல் கடை சுதாகர்தான் குடிகாரன் வேஷம். முதலில் கிளப் ஓனரின் மாப்பிள்ளை என்று சொல்லி உள்ளே நுழையப் பார்க்கிறான், பிறகு மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவன் என்கிறான், நான் இடுப்பில் கை வைத்து நின்றாலே ஜனங்கள் சிரித்தார்கள். அப்போது முன்வரிசையில் உன் அப்பாவோடு பஸ் டிப்போவில் வேலை பார்த்த சுப்பராயலு எழுந்து, "இதெல்லாம் ஒரு பொழப்பா? நல்ல குடும்பத்துப் பொண்ணுங்க இந்த வேலைக்குப் போவுமா?" என்று சத்தம் போட்டார். எனக்கு வசனமெல்லாம் மறந்துவிட்டது. குரலை உயர்த்தாதே, தள்ளாதே, பக்கத்தில் போய் நின்று மரியாதையாகப் பேசு என்று ஈஸ்டருக்கு வந்தபோது நீ சொன்னாயே, அதுதான் நினைவுக்கு வந்தது. மேடையை விட்டு இறங்கி அவர் பக்கத்தில் நின்று, "சார், வாங்க, வெளிய காத்து நல்லா வருது, நானே கூட்டிகினு போறேன்" என்றேன். மண்டபம் அதிரச் சிரித்தார்கள். அவர் விடவில்லை, "அந்த வேலயப் பத்தி உனுக்கு இன்னாம்மா தெரியும்?" என்றார்.

உடனே கடைசி வரிசையிலிருந்து உன் அப்பா, பஸ்ஸில் டிக்கெட் கேட்ட அதே கண்டக்டர் குரலில், "அதுக்குத் தெரியும்யா! எங்க பொண்ணு ஜாக்குலின் கோவாவுல அந்த வேலதான் செய்யுது. அது வாசல்ல நிக்கிறதாலதான் உள்ள இருக்கிற பொண்ணுங்க பயமில்லாம ஊடு போய்ச் சேருது" என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து கைதட்டல் கிளம்பியது, நிற்கவே இல்லை. நான் அழுதுவிட்டேன், மை வழிந்து கன்னமெல்லாம் கறுப்பு. சுதாகர் கெட்டிக்காரன், "அக்கா, நீ அழுதுகினு இருக்கிற கேப்புல நான் உள்ள போய்ட்டா?" என்று கேட்டு நாடகத்தைத் திரும்ப ஓட வைத்தான்.

முடிந்ததும் போண்டா கொடுத்தார்கள். சுப்பராயலு தட்டோடு உன் அப்பாவிடம் வந்து, "ஏம்பா பவுல்துரை, ராத்திரி சாப்பாடு அவங்களே குடுத்துடுவாங்களா பொண்ணுக்கு?" என்று கேட்டார். அதுதான் அவர் மன்னிப்பு கேட்கிற விதம் என்று வைத்துக்கொண்டோம். அடுத்த மாதம் போளூரில் போடக் கூப்பிட்டிருக்கிறார்கள். தேவிப்ரியா கால் அதற்குள் சரியாகிவிடும், ஆனாலும் நான் வேஷத்தைத் திருப்பித் தருவதாக இல்லை.

வேலை முடிந்து வந்ததும் வெறும் டீயோடு படுக்காதே, ஏதாவது சாப்பிடு. பாட்டிலைத் தூக்கி அடிக்க வருகிறவன் பக்கம் தனியாகப் போகாதே, கூட ஒருத்தரை வைத்துக்கொள். எந்த வாசலில் நின்றாலும் மாதா உன் பக்கத்தில் நிற்கட்டும், நீ நூறு வயசு நன்றாக இரு. மறந்துவிடாதே, நீ வேலை உடுப்பில் நிற்கிற போட்டோ ஒன்று உடனே அனுப்பு, பெரிதாக்கி ஹாலில் மாட்ட வேண்டுமாம், உன் அப்பா நேற்றே சுவரில் ஆணி அடித்துவிட்டார்.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா,
ப. அமலி