அப்பா நகர்த்தும் தொலைநோக்கி

அன்புள்ள என்னவருக்கு,

நம் குட்டிப்பெண்ணின் வலது கண்ணில் விழித்திரையில் சூடுபட்டிருக்கிறது. இன்று காலை கண் மருத்துவர் உறுதியாகச் சொன்னார். இடது கண்ணுக்கு ஒன்றுமில்லை.

அங்கிருந்தபடியே நீங்கள் இயக்கும் நம் வீட்டுத் தொலைநோக்கியோடு ஏன் இணைப்பு கிடைக்கவில்லை என்று தினமும் கேட்கிறீர்கள். வயரைப் பிடுங்கி வைத்தது நான்தான். போனில் சொல்ல வாய் வரவில்லை.

ஞாயிறு மாலை, வெயில் இருக்கும்போதே மொட்டைமாடியில் நிலா தெரிந்தது. அவளுக்குக் காட்டலாமென்று, நீங்கள் மாட்டியிருந்த கேமராவையும், சூரிய ஒளியைத் தடுக்கும் வடிகட்டியையும் கழற்றிவிட்டு, கண் வைத்துப் பார்க்கும் வில்லையை மாட்டினேன். உங்களிடம் சொல்லத் தோன்றவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மோட்டார் ஓடத் தொடங்கியது. அங்கே உங்கள் டேப்லெட்டில் சூரியனைத் தொட்டு, தொலைநோக்கியை அதன் பக்கம் திருப்பியிருக்கிறீர்கள். வடிகட்டி இருக்கிறதா என்று அது கேட்டிருக்கும். இருக்கிறது என்று நீங்களும் நம்பித்தான் அழுத்தியிருப்பீர்கள்.

அந்தச் சத்தம் கேட்டாலே, "அப்பா வந்துட்டாரு!" என்று குதிப்பாள். அன்றும் குதித்துவிட்டு, மறுபடி கண்ணை வைத்தாள்.

"கண்ணை எடுடி வாலு!" என்று கத்தினேன்.

"போம்மா, அப்பா எனக்கு என்னமோ காட்டப் போறாரு."

நான் எட்டி இழுப்பதற்குள் "சுடுதும்மா" என்றாள்.

"அப்பாகிட்ட சொல்லிடாதேம்மா, அழுவாரு" என்று நேற்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன்.

எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி நிற்கிறதாம். அது கரையுமா, அப்படியே தங்கிவிடுமா என்பது அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி எடுக்கும் ஸ்கேனில்தான் தெரியும். அன்றைக்கு நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

உங்கள்
மனைவி