மூன்று சுற்று

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே அனல். தறியில் இழை இரண்டு முறை அறுந்தது.
மதியம் கூரியர், வீட்டுக்காரர் பேருக்கு. ஆள் போய் நாற்பது நாள். சாமான் இப்போதுதான் வருகிறது. அவருடைய பாறை ஏறும் ரிமோட் காருக்கு ஸ்பிரிங், இரண்டு செட். ஒன்று மெத்து, ஒன்று கெட்டி. எதைப் போட நினைத்தாரோ.
வாங்க: பால், கொசுவத்தி, பி.பி. மாத்திரை. மாத்திரை இனி எதற்கு? கை தானாக எழுதிவிட்டது.

ஜூன் 10
அவர் கூட்டாளி செந்தில் போன் செய்தான். ஞாயிறு தென்னேரி ஏரியில், மிச்சத் தண்ணீர் வழியும் கலங்கல் கல்லில் கூட்டாளிகள் எல்லோரும் ரிமோட் கார் ஏற்றுகிறார்களாம். அண்ணன் வண்டியை நான்தான் ஏற்ற வேண்டுமாம்.
அவர் கடைசியாக அங்கே போன ஞாயிறன்று, அந்தக் கல்லில் வண்டி பத்து முறை உருண்டது. வந்து சாப்பிடவே இல்லை. பொம்மை ஏறாததற்கு இவ்வளவா என்று சிரித்தேன்.
வண்டிப் பெட்டியின் அட்டையில் அவர் எழுத்து: டயர் மாத்தியாச்சு. பேட்டரி முன்னால தள்ளியாச்சு. இன்னும் சாயுது. எங்க தப்பு பண்றேன்னு தெரியல.

ஜூன் 12
கரண்ட் இல்லை. செந்தில் வந்தான். வண்டியை அழுத்திப் பார்த்தான்.
"இன்னா அண்ணி, ஸ்பிரிங் இவ்ளோ டைட்டா இருக்குது? அண்ணன் எப்பவும் தொங்கலாத்தான் உடுவாரு. சக்கரம் பள்ளத்துல எறங்கி கல்ல புடிக்கணும்ல."
அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.
அவர் கடைசியாகக் கலங்கலுக்குப் போனதற்கு முந்தின நாள், சனிக்கிழமை. கூடம் பெருக்கும்போது பார்த்தேன், நாலு சக்கரமும் லொடலொட. தறியில் உட்காரும் கை, தொய்வைக் கண்டால் சும்மா இருக்காது. ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் வளையத்தை நாலிலும் மும்மூன்று சுற்று முறுக்கினேன். நல்லது செய்ததாக நினைப்பு. சொல்ல மறந்தேன்.
மனிதர் ஒரு வாரம் தன்னையே நொந்துகொண்டு, அப்படியே போய்ச் சேர்ந்தார். பாவி நான்.

ஜூன் 13, வெள்ளி
புது ஸ்பிரிங்கைப் பிரிக்கவில்லை. வளையம் நாலையும் மூன்று சுற்று பின்பக்கமாகத் திருப்பித் தளர்த்தினேன். வண்டி தாழ்ந்து உட்கார்ந்தது. மாவு அரைக்கவில்லை. அழுதேன்.

ஜூன் 15, ஞாயிறு
மேகமூட்டம். கலங்கல் காய்ந்து கிடந்தது. இரண்டு தடவை எனக்கு ரிமோட் பிடிபடாமல், வண்டி பாதியில் நின்றது. மூன்றாவதில் பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கிக் கல்லைப் பிடித்தது. ஏறிவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். எந்த ஸ்பிரிங் போட்டீர்கள் என்று செந்தில் கேட்டான்.
"எதுவும் போடலப்பா. நான் முறுக்கனத நானே தளர்த்தனேன். அவரு சரியாத்தான் வெச்சிருந்தாரு."
அவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.
வீட்டுக்கு வந்ததும் அட்டையில் அவர் எழுத்துக்குக் கீழே எழுதினேன்: நீங்க தப்பு பண்ணலைங்க. நான்தான்.