மத்தியானக் காற்றும் கட்டிய மூட்டையும்

நீங்கள் கண்ணை மூடிய பின்னும் கொடியில் கிடக்கும் உங்கள் துண்டு இன்று காலை முழுக்கக் கடல் பக்கமாகவே பறந்தது. உச்சிப் பொழுதாகியும் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உங்களோடு குடித்தனம் நடத்தியவள் வேறு எப்படி இருப்பேன்?

கடைக்காரர் சாமான் நிறுக்கும்முன் வெறும் தராசைத் தூக்கிப் பார்ப்பீர்கள். கண்டக்டர் தந்த டிக்கெட்டை இரண்டு தரம் வாசிப்பீர்கள். மழை பொய்த்து, நயினார்கோவில் வயலை விட்டுக் கடலோர வாலிநோக்கத்தில் உப்புப் பாத்தியைக் குத்தகைக்கு எடுத்தபோது காற்றின் மேலும் சந்தேகம் வந்தது. நம் ஊரில் மத்தியானம் சில்லென்று காற்று அடித்தால் பின்னாலேயே மழை வரும். இங்கே அந்தக் காற்று தினமும் வந்தது. நீங்களும் தினமும் மழையில் கரைந்துவிடுமென்று பதறி, முற்றாத உப்பை வாரிக் குவித்தீர்கள். அந்தப் பொடி உப்பை யாரும் சீந்தவில்லை.

"மண்ணு சீக்கிரம் சுடும், தண்ணி மெதுவாத்தான் சுடும். மண்ணு மேல இருக்குற காத்து சூடாகி மேல போயிரும். அந்த எடத்துக்குக் கடக்காத்து வருது. ராத்திரி மண்ணு ஆறிட்டா, இங்கனருந்து கடலுக்குப் போகும்," என்று ஒன்பதாம் வகுப்பில் படித்ததைச் சொன்னேன். ஆடிக் காற்றும் ஐப்பசி வாடையும் இதே சங்கதிதான், நாடு மொத்தமும் சூடாகி ஆறுவதால் வருபவை, பூமி சுற்றுவதால் வளைந்து வருகின்றன என்றேன்.

"பூமி சுத்துனா எனக்கு ஏன் தல சுத்தல? நாளைக்கும் அந்தக் காத்து வந்தா உன் பேச்சு நெசம். வரலேன்னா ஊருக்குப் போறோம்."

ஊரில் கூலி வேலைகூட இல்லை.

மறுநாள் வானம் மூடிக் கிடந்தது. மத்தியானமாகியும் காற்று திரும்பவில்லை. நீங்கள் மூட்டையைக் கட்டி வாசலில் வைத்தீர்கள். பிறகு கரைக்குப் போய் ஒரு காலை மணலிலும் ஒரு காலைத் தண்ணீரிலும் வைத்து நின்றீர்கள்.

"ஏ புள்ள, மண்ணு சுடவே இல்லையே. அப்பறம் காத்து எப்படி வரும்? இருந்து பாப்போம்."

மேகம் விலகி, மணல் சுட்டு, காற்றும் வந்தது. அன்று உப்பை வாரவில்லை. அந்தத் தடவைதான் முதன்முதலாக உப்பு முற்றியது.

சாயங்காலம் மூட்டையை அவிழ்த்தேன். உள்ளே வெறும் சாக்குகள். ஒரு வேட்டிகூட இல்லை. ஊருக்குப் போக நினைத்தவர் வேட்டியை விட்டா போவார்? அன்றே கேட்டிருக்கலாம்.

இன்றும் மேகம்தான். கரைக்குப் போய்க் கால் வைத்துப் பார்த்தேன், மணல் சுடவில்லை. காத்திருக்கிறேன். எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நீங்கள் என்னை மட்டும் முதலிலேயே நம்பிவிட்டீர்களோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.