அழுதுகொண்டே போன தம்பி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம், உன் வீட்டிலும் எல்லாரும் அப்படியே இருக்கவேண்டும். எழுத்து நண்டு ஊர்ந்த மாதிரி இருந்தால் ஆச்சரியப்படாதே, இது கடைக்காரரிடம் சொல்லி எழுதியது அல்ல, முதியோர் வகுப்பில் கற்று நானே எழுதுவது. விரல் வலிக்கிறது, ஆனாலும் நிறுத்த மனம் வரவில்லை.

உன் அம்மா சிறுவயதில் வளர்ந்த அனாதை இல்லத்தை நடத்திய மதருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள் அல்லவா, அவரைப் பற்றிய புத்தகத்தைப் பங்குச் சாமியார் தந்தார். மாலையில் நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அம்மா மிஷினில் பள்ளிச் சீருடை தைத்தபடி கேட்பாள். காய்ச்சல் வந்த பிள்ளைகளை மதர் தம் மடியிலேயே படுக்கவைப்பார் என்று படித்தேன். உண்மைதான், நானும் படுத்திருக்கேன் என்றாள். அடுத்த பக்கத்தில், பிள்ளைகள் பலரை வெளிநாட்டுக் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுத்தார், எல்லாரும் சிரித்த முகத்தோடு போனார்கள் என்று இருந்தது. மிஷின் நின்றுவிட்டது. "என் தம்பி அழுதுகிட்டேதான் போனான்" என்றாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் அவளுக்கு ஒரு தம்பி உண்டென்று எனக்குத் தெரியாது. ஏன் சொல்லவில்லை என்றால், நீங்க கேக்கலையே என்கிறாள்.

அதிலிருந்து எனக்கு ஒரே குடைச்சல், ஒரே ஆள் எப்படி இரண்டும் செய்வார் என்று. வகுப்பு வாத்தியார் அது பிள்ளை பிடிக்கிற வேலை என்கிறார், சாமியார் பட்டினியில் சாகாமல் காப்பாற்றினாரே என்கிறார். இருவரும் மல்லுக்கு நின்றார்களே தவிர எனக்குப் பதில் கிடைக்கவில்லை. இதற்கிடையில் கோயிலில் மதரின் சுரூபச் சிலையைத் திறந்தபோது அம்மாவைப் பேசக் கூப்பிட்டார்கள். மடியைப் பற்றி மட்டும் சொன்னால் போதும் என்றார் சாமியார். "ரெண்டையும் சொல்லலாம்னா வர்றேன் சாமி, இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்குங்க" என்றாள். அவர் தாடியைச் சொறிந்துகொண்டு, மேலிடத்துத் திட்டு எனக்குத்தானே, வாங்கம்மா என்றார். இரண்டையும் சொன்னாள். சிலர் எழுந்து போனார்கள். அந்த இல்லத்தில் இருந்த வயதான சிஸ்டர் ஒருவர் மட்டும் அம்மாவின் கையைப் பிடித்து, தம்பி எந்த நாட்டுக்குப் போனான் என்று சொன்னார், மகளே, நீ இப்போது இருக்கும் அதே நாடுதான்.

உன் மாமாவுக்கு இப்போது அறுபது இருக்கும், இடது காதோரம் தீச்சுட்ட தழும்பு. தெருவில் போகிறவர் காதையெல்லாம் உற்றுப் பார்த்து வம்பை வாங்காதே, கோயில்களில் நிதானமாக விசாரி. அம்மா இப்போது தினமும் அந்தச் சுரூபத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள். மதரை மன்னித்துவிட்டாயா என்று கேட்டேன். "அதெல்லாம் இல்ல. அனுப்பினவங்களுக்குத்தானே அவன் எங்கேன்னு தெரியும், அதான் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

நோய்நொடி இல்லாமல் எல்லாரும் நன்றாக இருங்கள். பதிலைப் பெரிய எழுத்தில் எழுது, அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டவேண்டும்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அப்பா