இட்லிக்கு உடம்பு சரியில்லை

புங்கங்காடு,
பென்னாகரம் வழி.
12-6-1983

அன்புள்ள அண்ணிக்கு,

மாதா காவலில் நீங்களும் பிலோமியும் இருக்கிறீர்கள் என்ற தைரியத்தில்தான் நான் இங்கே நாளை ஓட்டுகிறேன். இந்தக் கடிதத்தைக் கொண்டு வருகிற சென்றாயன் எங்கள் ஊர்க்காரர். ரயில் ஏற மொரப்பூர் வருகிறார். அவரிடம் ஒரு துணிப்பை கொடுத்திருக்கிறேன். அதில் இருப்பது எங்கள் பால்வாடிக்கு வருகிற மஞ்சள் மாவு. பால்வாடியை நடத்துகிற மடத்துச் சிஸ்டரிடம் கேட்டு வாங்கியதுதான், பயப்பட வேண்டாம். சோளமும் சோயாவும் பால் பவுடரும் சேர்த்து அரைத்து, அதில் இரும்புச் சத்தும் வைட்டமினும் கலந்து கப்பலில் அனுப்புகிறார்களாம். "கொஞ்சமா தின்னுற பிள்ளைக்கு அந்தக் கொஞ்சத்துலயே சத்து போயிரும்" என்று சிஸ்டர் சொன்னதும் எனக்கு நம் பிலோமி முகம்தான் வந்து நின்றது.

தட்டம்மை வந்து எழுந்ததிலிருந்து அவள் எதையும் வாயில் வைப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். கஞ்சியாகக் காய்ச்சி, சர்க்கரை போட்டு ஊட்டிப் பாருங்கள். இங்கேயும் முதலில் ஒரு பிள்ளையும் தொடவில்லை. ஒரு பிள்ளையின் அம்மா நஞ்சம்மாள், அவள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியதை ஆடு தின்றுவிட்டது. "ஆடு நல்லாத்தான் இருக்குதுங்க டீச்சர்" என்று சிரிக்கிறாள்.

எனக்குத் தங்க ஓர் அறை கிடைத்திருந்தால் நான் பெற்ற நாலு வயதுப் பிள்ளையை உங்கள் தலையில் கட்டியிருக்க மாட்டேன். உங்கள் தம்பி லாரியில் ஏறிவிட்டால் எப்போது இறங்குவார் என்று அவருக்கே தெரியாது. பஸ் சத்தம் கேட்டாலே உங்கள் கடிதம் வந்ததோ என்று வாசலுக்கு ஓடுகிறேன்.

உங்கள்
ராஜமேரி

மொரப்பூர்
20-6-1983

அன்புள்ள ராஜமேரிக்கு,

பையும் கடிதமும் வந்தன. நீ சொன்னபடி கஞ்சி காய்ச்சினேன். தெருவே மணக்கக் காய்ச்சினேன் என்றுதான் நினைத்தேன். பிலோமி இரண்டு உதட்டையும் உள்ளே மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மூக்கைப் பிடித்து ஊற்றச் சொன்னாள் பக்கத்து வீட்டு ரோசம்மாள். எனக்கு மனசு வரவில்லை.

பிறகு அவளுக்குத் தெரியாமல் இட்லி மாவில் கலந்தேன். நாலு இட்லி மட்டும் தனியாக ஊற்றினேன். தட்டில் வைத்ததும் ரொம்ப நேரம் பார்த்தாள். "அத்தே, இட்லிக்கு ஒடம்பு சரியில்ல" என்றாள். நம் இட்லிக் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ரயில்வேக்காரர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலை ரயிலுக்கு இறங்குகிறவர்கள் என் இட்லிக்கு நின்று காத்திருந்து தின்றுவிட்டுப் போகிறார்கள். என் வூட்டுப் பிள்ளைக்கு நான் ஆக்கியது இறங்கவில்லை என்றால் எப்படி இருக்கும், சொல்லு.

பட்டினி கிடக்கிறாள் என்று நினைத்துவிடாதே. டீயில் பன்னைத் தொட்டுத் தின்கிறாள். அது மட்டும் கேட்டு வாங்கித் தின்கிறாள். இப்போது ஒரு கெட்ட பழக்கம் வந்திருக்கிறது, சுவத்துச் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டி வாயில் போடுகிறாள். கையில் ஓர் அடி வைத்தேன். விட்டுவிடுவாள்.

ஞானமேரி

புங்கங்காடு
25-6-1983

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சுண்ணாம்பு தின்பது கெட்ட பழக்கம் இல்லை அண்ணி. அவளை அடிக்காதீர்கள். இங்கே ராஜாமணி என்று ஒரு பிள்ளை பல்பமும் மண்ணும் தின்றுகொண்டிருந்தாள். ஊசி போட வருகிற நர்சம்மா அவள் கீழ் இமையை இழுத்துக் காட்டினார். உள்ளே சிவப்பே இல்லை. "ரத்தம் இல்லாத பிள்ளைங்கதான் இப்பிடி கண்டதயும் திங்கும்" என்றார். பிலோமியின் கண்ணையும் அப்படி இழுத்துப் பாருங்கள். இன்றைக்கே பாருங்கள்.

டீ கொடுப்பதை உடனே நிறுத்துங்கள். சோற்றில் இருக்கிற கொஞ்சம் சத்தையும் அது உடம்பில் சேரவிடாது என்று நர்சம்மா சொல்கிறார். பசித்து வருகிற பிள்ளைக்கு டீயும் பன்னும் கொடுத்தால் அவள் வேறு எதைத் தின்பாள்? கேட்டதை எல்லாம் கொடுத்துவிடுகிறீர்கள் அண்ணி. கடை வியாபார நேரத்தில் அவள் அழக்கூடாது என்றுதானே கொடுக்கிறீர்கள்?

நேற்று லீவு கேட்காமலே, இங்கே பஸ் வரும்வரை பொறுக்காமல், பென்னாகரம் வரை நடந்துவிட்டேன். நாற்பது பிள்ளைகளும் பூட்டின கதவு முன்னால் நிற்கும் என்று நினைவு வந்து திரும்பிவிட்டேன். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். உடனே பதில் போடுங்கள்.

ராஜமேரி

மொரப்பூர்
3-7-1983

ராஜமேரிக்கு,

நீ சொன்னபடி இமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்த துணி மாதிரி இருந்தது. கடையைச் சாத்திவிட்டு அன்றைக்கே தருமபுரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் டானிக்கும் பூச்சி மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். டானிக்கை ஊற்றினால் அப்படியே வாந்தி எடுக்கிறாள். கோயிலுக்கு நடந்தே வருகிற பிள்ளை, இந்த ஞாயிற்றுக்கிழமை பாதி வழியில் "தூக்கிக்கோ அத்தே" என்று உட்கார்ந்துவிட்டாள். தூக்கினால் கனமே இல்லை.

வியாபாரத்துக்காக டீ கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று உனக்குத் தெரியாது. அம்மை போட்டிருந்தபோது அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார்? ஊர்ப் பிள்ளைகளுக்கு எல்லாம் நீ ஊட்டு. உன் பிள்ளைக்கு ஊட்டத்தான் நான் இருக்கிறேன். டீயை நிறுத்திவிட்டேன். டீக்காக அழுது, அழுது, ஏங்கித் தூங்குகிறாள். அதையும் நான்தான் பார்க்கிறேன்.

அழைத்துப் போகிறேன் என்று மட்டும் எழுதாதே.

ஞானமேரி

புங்கங்காடு
9-8-1983

அன்புள்ள அண்ணிக்கு,

பிலோமியைக் கூட்டிக்கொண்டு நான் கிளம்பியபோது நீங்கள் வாசலுக்கு வராமல் அடுப்பு முன்னாலேயே நின்றீர்கள். நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் பஸ் ஏறினேன். பால்வாடிக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்ததும் எனக்குப் பொறுமை இல்லாமல் போய்விட்டது. உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருக்கலாம். கேட்டால் நீங்கள் வேண்டாம் என்பீர்கள், நான் நின்றுவிடுவேன் என்ற பயம்தான்.

பிலோமியிடம் ஒகேனக்கல் அருவி பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் கூட்டி வந்தேன். இங்கே வந்து இறங்கியதும் "அருவி எங்க?" என்றாள். பிறகு என்னோடு பேசவில்லை. நான் ஊட்டப் போனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்கே பயமாகிவிட்டது. உங்களிடம் கொண்டுவந்து விட்டுவிடலாம் என்று துணியைக்கூட மடித்து வைத்தேன்.

இங்கே இப்போது மாவைக் கஞ்சி காய்ச்சுவதில்லை. வறுத்து, வெல்லமும் இடித்த நிலக்கடலையும் போட்டுப் பிசைந்து, பிள்ளைகள் கையிலேயே உருண்டை பிடிக்கக் கொடுத்துவிடுகிறோம். ஒன்று பெரிதாகப் பிடிக்கும், ஒன்று பாம்பு மாதிரி உருட்டும். பிலோமி மூலையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் கவனித்தால் கண்ணை மூடிக்கொள்வாள். அதனால் பாத்திரம் கழுவுகிற சாக்கில் வெளியே போய்விட்டேன். உள்ளே ஒரே கூச்சல். வந்து எட்டிப் பார்த்தால் ராஜாமணி கையில் இருந்ததைப் பிலோமி பிடுங்கி வாயில் போட்டிருக்கிறாள். ராஜாமணி, "ஏய், ஒனக்கு வேணும்னா நீ புடிச்சுக்கடி" என்று கத்துகிறாள். அந்த அதட்டலுக்குப் பிலோமி உட்கார்ந்து தானே ஒன்று பிடித்தாள். தின்றாள் அண்ணி. நான் சுவருக்குப் பின்னால் நின்று அழுதேன்.

பதில் போடுங்கள்.

ராஜமேரி

புங்கங்காடு
30-10-1983

அன்புள்ள அண்ணிக்கு,

எத்தனை கடிதம் போட்டும் உங்களிடமிருந்து ஒரு கார்டுகூட இல்லை. சந்தைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் மொரப்பூர்ப் பக்கம் போனீர்களா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிலோமி சுண்ணாம்பு சுரண்டுவதை விட்டுவிட்டாள். நர்சம்மா கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையைப் பொடித்து வெல்லத்தில் வைத்துக் கொடுக்கிறேன். போன வாரம் இமையை இழுத்துப் பார்த்தேன், சிவப்பு ஏறியிருக்கிறது. சோறு இன்னும் இரண்டு வாய்க்கு மேல் போகாது. குழம்பில் கிடக்கும் கறிவேப்பிலையைப் பார்த்தாலே எழுந்துவிடுவாள். உருண்டை மட்டும் பிள்ளைகளோடு உட்கார்ந்தால் தின்கிறாள்.

சாயங்காலம் ஆனால் வாசலில் போய் நின்றுகொள்கிறாள். "அத்தே எங்க?" என்கிறாள். அத்தை ஊருக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. கிறிஸ்துமசுக்குக் கூட்டி வருகிறேன் அண்ணி. நான் எழுதியதில் தப்பு இருந்தால் நேரில் திட்டுங்கள்.

ராஜமேரி

மொரப்பூர்
14-12-1983

அன்புள்ள ராஜமேரிக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. படிக்காமல் இல்லை. எழுத உட்காருவேன், கடையில் யாராவது கூப்பிடுவார்கள், எழுந்துவிடுவேன். கூப்பிடாவிட்டாலும் எழுந்துவிடுவேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் அப்போதே போய்விட்டது.

பிள்ளை தின்றாள் என்று படித்தபோது சந்தோஷம்தான். என் கையால் தின்னவில்லையே என்றும் இருந்தது. இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

போன வாரம் தம்பி லாரியை நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்தான். "கிறிஸ்துமசுக்கு எல்லாரும் இங்கதான்க்கா" என்றான். அவனிடம் சரி என்று தலையாட்டிவிட்டேன். உனக்குத்தான் எழுதுகிறேன். கூட்டி வராதே.

வந்தால் என்னைக் கட்டிக்கொண்டு தூங்குவாள். காலையில் டீ கேட்பாள். அவள் கேட்டு இல்லை என்று சொல்ல எனக்கு வராது. நீ எழுதியது சரிதான், கேட்டதை எல்லாம் கொடுத்துவிடுவேன். பிறகு நீ பஸ்ஸுக்குக் கிளம்பி நிற்கும்போது பிள்ளையை விடமாட்டேன். அன்றைக்கு அடுப்பு முன்னால் நின்றேன் என்று எழுதியிருந்தாய். வாசலுக்கு வந்திருந்தால் பிடுங்கிக்கொண்டிருப்பேன், அதனால்தான் வரவில்லை. இன்னொரு தடவை அப்படி நிற்க என்னால் ஆகாது.

அங்கேயே இருக்கட்டும். அந்தப் பிள்ளைகளோடு சண்டை போட்டுத் தின்று தேறட்டும்.

அத்தை எங்கே என்று கேட்டால் ஊருக்குப் போயிருக்கிறாள் என்று இனி சொல்லாதே. அத்தை வூட்டில்தான் இருக்கிறாள், அத்தைதான் வரவேண்டாம் என்றாள் என்று சொல்லு. அழுவாள். என் மேல் கோபப்படுவாள். படட்டும். உன் மேல் கோபம் வந்தால் மறுபடியும் வாயை மூடிக்கொள்வாள்.

ஞானமேரி