வரி இல்லாத இடம்

என் தங்கக் கண்ணுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன், இங்கே அப்பாவும் நானும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறோம், மாத்திரை போடுகிறோம், அதற்கு மேல் நலம் கேட்காதே. அப்பா ஏன் உன்னோடு பேசுவதில்லை, கடையை ஏன் மூடுகிறீர்கள் என்று போனில் கேட்டாய். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான், போனில் சொன்னால் அழுதுவிடுவேன்.

நம் சலவைக் கடைக்கு எதிரே, நான் போகும் பிரார்த்தனைச் சபைக்காரர்கள் மண்டபத்துக்குக் கீழே கட்டிய கார் நிறுத்தம் உனக்குத் தெரியும். கீழே காசு வாங்கிக்கொண்டு வண்டி விடுகிறார்கள், போன வருஷம் மேலே ஒரு சலவைக் கடையும் திறந்துவிட்டார்கள். மொத்தக் கட்டிடமும் வழிபாட்டு இடம் என்று நகராட்சியில் எழுதிக்கொடுத்திருப்பதால் சொத்து வரி ஒரு காசு கிடையாது. கீழேயும் வழிபாடு நடக்கிறது என்று காட்டத்தான் வாரம் ஒருமுறை எங்களைக் கீழே கூட்டிப்போய்ப் பாய் விரித்து உட்கார வைப்பார்கள், பக்கத்தில் எவனாவது வண்டியைப் பின்னால் எடுப்பான், அது பீப் பீப் என்று கத்தும், நாங்கள் கண்ணை மூடிக்கொண்டிருப்போம். புடவையில் ஒட்டின எண்ணெய்க் கறையை நம் கடைக்கு வந்து நானே அலசுவேன். வரியே இல்லாதவன் பாதி விலைக்குத் துவைக்கிறான், நமக்கோ வரியை இரண்டு முறை ஏற்றிவிட்டார்கள், அவர்கள் கட்டாததை வேறு யார் தலையில் கட்டுவார்கள். சபை ஏழைகளுக்கு மருந்து கொடுக்கிறதே, அவர்களிடம் வரி கேட்கலாமா என்று நீ எழுதியிருந்தாய். கொடுக்கட்டும் கண்ணு, நல்ல காரியம்தான், பிரார்த்தனை மண்டபத்துக்கு வரி வேண்டாம் என்றால் அதுவும் சரி. வண்டி நிறுத்தவும் துணி துவைக்கவுமா விலக்கு?

அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு நகராட்சியில் புகார் கொடுத்தார். நாங்கள் பாயில் உட்கார்ந்திருக்கும்போது வரி அதிகாரி வந்தாள், அமைதியான பெண். சபைச் செயலாளர், நீ சென்ட் பாட்டில் என்று பெயர் வைத்தாயே அந்த ஆள், பல்லை இளித்துக்கொண்டு கூடவே வந்தான். அங்கே நடப்பதை அப்படியே சொல்லு, போதும் என்று அப்பா எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். அவள் என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டு, "நெஜமாவே இங்க உட்கார்ந்து பிரார்த்தனை பண்றீங்களாம்மா?" என்று கேட்டாள்.

எல்லாம் வேஷம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எதிரே அந்தத் தூண். பிரசவத்தில் உனக்கு ரத்தம் நிற்கவில்லை என்று மாப்பிள்ளை போன் பண்ணினாரே, அன்றைக்கு மண்டபத்தை யாரோ கல்யாண விருந்துக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள், வாசலிலேயே என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போக்கிடம் இல்லாமல் கீழே இறங்கி, இரண்டு வண்டிகளுக்கு நடுவில் அந்தத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, என்னை எடுத்துக்கொள், என் பிள்ளையை விட்டுவிடு என்று கதறினேன். நீ பிழைத்தாய். அதே இடத்தில் நின்றுகொண்டு எப்படி இல்லையென்று சொல்வேன்? "ஆமா, பண்ணிருக்கேன்" என்றேன், மற்றதெல்லாம் வேஷம் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

விலக்கு அப்படியே நிலைத்துவிட்டது, இனி நம் கடை தாக்குப்பிடிக்காது. நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். "நீ பண்ண பிரார்த்தனைக்கும் சேர்த்து நான் வரி கட்டணும், அவங்க கட்ட வேண்டாம், அப்படித்தானே?" என்றார். அதுதான் என்னோடு கடைசியாகப் பேசியது. இப்போது தண்ணீர் வேண்டுமென்றால்கூட இஸ்திரி மேஜையைப் பார்த்துச் சொல்கிறார், நான் கொண்டுபோய் வைக்கிறேன். உன்னோடு பேசினால் குரல் உடைந்துவிடும் என்று பயப்படுகிறார், அவ்வளவுதான். சென்ட் பாட்டில் என்னைச் சபையில் எழுப்பி நிறுத்தி, பக்தி என்றால் இந்த அம்மாவைப் பாருங்கள் என்றான், எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு ஓரமாக வந்து, உங்கள் கடையை மூடியதும் எங்கள் கடைக்கே இஸ்திரி போட வரலாமே என்றான். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

இந்த வாரம் பாய்க்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. மாதம் முடியும்வரை கடை நம்முடையது, அதற்கு வரி கட்டியாகிவிட்டது, அங்கேயே நின்று உங்களுக்காகக் கடவுளிடம் கேட்டுக்கொள்கிறேன். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடாதே. அப்பா என்றைக்காவது போனை எடுத்தால் எனக்காகப் பரிந்து பேசாதே, நியாயம் அவர் பக்கம்தான். ஆனாலும் அந்த அதிகாரி நாளைக்கே வந்து திரும்பக் கேட்டாலும் ஆமா என்றுதான் சொல்வேன்.

அந்தத் தூணடியில் உன்னைக் கேட்டு வாங்கிய
அம்மா